அவர் கூசவில்லை, நாம் கூசுகிறோம்

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மேடையில் நிற்கிறார். பின்னால் காசு கொடுத்து அழைத்து வந்த இசைக்கலைஞர்கள். எதிரே விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம். மாற்றுத்திறனாளிகளை யாரும் கேலி செய்யக் கூடாது என்று உருகி உருகிப் பாடுகிறார். நோக்கம் தங்கமானது. ஆனால் யாருக்காகப் பரிந்து பேச வந்தாரோ அவர்களையே வரிக்கு வரி சங்கடப்படுத்திக்கொண்டு போகிறார். அது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வரிக்கு இன்னும் கொஞ்சம் உணர்ச்சியைக் கூட்டுகிறார்.

இப்போது திரையை விட்டுவிட்டுப் பார்வையாளர்களைக் கவனியுங்கள். ஒருவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறார். இன்னொருவருக்குக் கால்விரல்கள் தானாக மடங்குகின்றன. வீட்டில் பார்ப்பவர் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். பாடுகிறவர் ஒரு நடிகர். பாட்டு திட்டமிட்டு எழுதப்பட்டது. எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் அசடு வழிவது அவராகவும் நெளிவது நாமாகவும் இருக்கிறது.

படத்தின் பெயர் ‘டேவிட் பிரென்ட்: லைஃப் ஆன் த ரோட்’. 2016 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியானது. ஒருவர் உணராத கூச்சத்தை இன்னொருவர் உடம்பில் உண்டாக்க எத்தனை கருவிகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது.

பழைய மேலாளர்

டேவிட் பிரென்ட் முதன்முதலில் தோன்றியது 2001 ஜூலையில், பிபிசி டூ அலைவரிசையில் வந்த ‘தி ஆபீஸ்’ தொடரில். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் இயங்கும் வெர்ன்ஹம் ஹாக் என்ற கற்பனைக் காகித நிறுவனத்தின் கிளை மேலாளர் அவர். ஊழியர்கள் தன்னை நண்பனாகவும் பெரிய நகைச்சுவைக் கலைஞனாகவும் கொண்டாட வேண்டும் என்பது அவர் ஆசை. ஊழியர்களுக்கோ எப்போது ஐந்து மணி ஆகும் என்பதே கவலை.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்டும் சேர்ந்து எழுதி இயக்கிய தொடர் இது. பிரென்டாக நடித்ததும் ஜெர்வைஸ்தான். இரண்டு பருவங்களையும் 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயங்களையும் சேர்த்தால் மொத்தம் 14 அத்தியாயங்கள்தான். இந்தச் சின்ன விதை உலகம் முழுக்க முளைத்தது. 2004இல் சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த நகைச்சுவை நடிகர் என்று இரண்டு கோல்டன் குளோப் விருதுகளை வாங்கியது. 2005இல் தொடங்கிய அமெரிக்க வடிவம் 201 அத்தியாயங்கள் ஓடியது. ஜெர்மனி, பிரான்ஸ், இஸ்ரேல், இந்தியா என்று நாட்டுக்கு நாடு ஓர் அசட்டு மேலாளர் பிறந்தார்.

2016 படத்தை ஜெர்வைஸ் தனியாகவே எழுதி இயக்கினார். பிரென்டிடம் இப்போது பதவி இல்லை. கழிவறைகளுக்கான சுகாதாரப் பொருட்களை விற்கும் விற்பனைப் பிரதிநிதி. ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்து, சம்பளமில்லாத விடுப்பு போட்டு, ‘ஃபோர்கான் கன்க்ளூஷன்’ என்ற தன் இசைக்குழுவோடு சுற்றுப்பயணம் கிளம்புகிறார். பயணம் என்று பெயர்தான். வீட்டிலிருந்து காரில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்திலேயே ஹோட்டல் அறை எடுத்துத் தங்குகிறார். குழுவின் பேருந்தில் அவருக்கு இடம் தருவதில்லை. தன் காரில் பேருந்துக்குப் பின்னாலேயே வருகிறார். இதையெல்லாம் ஒரு படப்பிடிப்புக் குழு கூடவே இருந்து பதிவு செய்கிறது.

பொய்க்கு ஆவணத்தின் சட்டை

இந்த வகைப் படத்துக்கு மாக்குமெண்டரி என்று பெயர். தமிழில் பகடி ஆவணப்படம் எனலாம். கதை முழுக்கக் கற்பனை, எடுக்கும் விதம் முழுக்க ஆவணப்படம். இதன் வேர்களில் ஒன்று பிபிசியிலேயே இருக்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று ‘பனோரமா’ என்ற செய்தி நிகழ்ச்சி, ஸ்விட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதைக் காட்டியது. விளக்கம் சொன்னது ரிச்சர்ட் டிம்பிள்பி, நாடே மதித்த செய்திக் குரல். ஸ்பகெட்டி மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டுப் பலர் பிபிசிக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்தக் குரலும் அந்தப் படப்பிடிப்பு முறையும் சேர்ந்தபோது மாவில் செய்யும் பண்டம் மரத்தில் காய்ப்பதைக்கூட மக்கள் நம்பினார்கள்.

1984இல் ராப் ரைனர் இயக்கிய ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ இந்த முறையை முழுநீளப் படமாக வளர்த்தது. இல்லாத ஒரு ராக் இசைக்குழுவின் தேய்ந்துபோகும் அமெரிக்கப் பயணம் அது. நடிகர்கள் பெரும்பாலான வசனங்களை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிப் பேசினார்கள். குவிந்த காட்சிகளை வெட்டி வெட்டி 82 நிமிடமாக்கினார்கள். குழு நிஜம் என்று நம்பியவர்கள் ஏராளம். பிரென்டின் சுற்றுப்பயணம் ஓடுவது இந்தப் படம் போட்ட தடத்தில்தான்.

தாமதமாக வரும் கேமரா

ஒரு காட்சி ‘நிஜம்’ என்று நம் கண் எப்படி முடிவு செய்கிறது? பதில் கேமராவின் அறியாமையில் இருக்கிறது.

வழக்கமான கதைப்படத்தில் கேமராவுக்கு எல்லாம் முன்பே தெரியும். கதவு திறக்கும் முன்பே கதவைப் பார்த்துக் காத்திருக்கும். யார் பேசப் போகிறாரோ அவர் முகத்தில் ஏற்கெனவே ஃபோகஸ் இருக்கும். ஆவணப்படக் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. 1960இல் ராபர்ட் ட்ரூவின் குழு எடுத்த ‘பிரைமரி’ படத்தை நினைத்துப் பாருங்கள். ஜான் கென்னடியும் ஹூபர்ட் ஹம்ஃப்ரியும் விஸ்கான்சின் மாநிலத்தில் நடத்திய உட்கட்சித் தேர்தல் போட்டியைப் பற்றியது. தோளில் வைத்து நடக்கக்கூடிய 16 மி.மீ. கேமராவும் கையில் தூக்கிச் செல்லும் ஒலிப்பதிவுக் கருவியும் அப்போதுதான் கைகூடியிருந்தன. கென்னடி ஒரு கூட்டத்துக்குள் நுழைய, ஆல்பர்ட் மேஸல்ஸ் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து எடுத்த நீண்ட ஷாட் திரைவரலாற்றில் நிலைத்துவிட்டது. படம் ஆடும், ஃபோகஸ் நழுவும், யாராவது குறுக்கே வருவார்கள். பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்கு ஒரு பாடம் பதிந்தது: ஆடினால் உண்மை.

பகடி ஆவணப்படம் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. ஒளிப்பதிவாளருக்கு வசனம் தெரியும். யார், எப்போது, எங்கே திரும்புவார் என்பதும் தெரியும். ஆனால் தெரியாதவர்போல் நடந்துகொள்ள வேண்டும். பிரென்ட் ஒரு அசட்டு ஜோக் அடிக்கிறார்; கேமரா அவர் மீதே இருக்கிறது; கேட்டவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறது; ஃபோகஸ் ஒரு கணம் தடுமாறி, பிறகு கூர்மையாகிறது. அந்தத் தடுமாற்றம் ஒத்திகை பார்த்தது. சீக்கிரம் திரும்பினால் கதைப்படம் என்று காட்டிக் கொடுத்துவிடும். மிகத் தாமதமாகத் திரும்பினால் முகபாவம் முடிந்துபோயிருக்கும். ஆக, இங்கே கேமராவைப் பிடித்திருப்பவரும் ஒரு நடிகர்தான். பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத கதாபாத்திரம், சரியான அளவில் தாமதிக்கத் தெரிந்த கதாபாத்திரம்.

இந்தக் கேமராவிடமிருந்து ஒளியவும் முடியும். அதுதான் ‘தி ஆபீஸ்’ தொடரின் ஆகச் சிறந்த கணங்களில் ஒன்றைப் பெற்றுத் தந்தது. இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் டிம் என்ற ஊழியர், தான் விரும்பும் டான் என்ற வரவேற்பாளரைத் தனி அறைக்கு அழைத்துப் போகிறார். கதவைச் சாத்துகிறார். சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றுகிறார். ஒலி நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் கேமரா அவர்கள் பேசுவதைப் பார்க்கிறது, கேட்கவில்லை. டான் அவரை அணைத்துக்கொள்கிறார். டிம் திரும்பி வந்து, மைக்கைப் பொருத்திக்கொண்டு, அவர் மறுத்துவிட்டார் என்பதைச் சொல்கிறார். காதலைச் சொல்லும் காட்சியில் வசனமே நமக்குக் கிடைப்பதில்லை. வழக்கமான கதைப்படத்தில் திடீரென ஒலி நின்றால் அதை இயக்குநரின் உத்தி என்போம். இங்கே ஒலியை நிறுத்தியது கதாபாத்திரம்.

நான்கு விநாடி மௌனம்

அடுத்த கருவி மௌனம். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கும்? 2009இல் தான்யா ஸ்டைவர்ஸும் சக ஆய்வாளர்களும் ஜப்பானியம், டேனிஷ், கொரியன், லாவோ உள்ளிட்ட பத்து மொழிகளில் கேள்வி-பதில்களை அளந்தார்கள். சராசரி, ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரம்தான். மொழிக்கு மொழி சிறு வேறுபாடு உண்டு என்றாலும் எல்லா மொழிக்காரர்களும் இந்த நூலிழையில்தான் நடக்கிறார்கள்.

இந்த இடைவெளி நீண்டால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தார்கள். ஓர் உரையாடலின் நடுவே வெறும் நான்கு விநாடி மௌனம் விழுந்தது. அந்த உரையாடலில் தாங்களும் இருப்பதாக எண்ணிக் கேட்டவர்களுக்கு, தாங்கள் ஒதுக்கப்பட்டதுபோன்ற உணர்வு எழுந்தது. பிரென்டின் ஜோக்குக்குப் பின்னால் விழுவது இந்த மௌனம்தான். தொலைபேசி ஒலிக்கிறது, யாரோ இருமுகிறார்கள், அச்சு இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. எடிட்டர் வெட்டவேண்டிய இடத்தில் வெட்டாமல் விடுகிறார். அந்தச் சில விநாடிகளில் நம் மூளை ‘இங்கே யாரோ விலக்கப்படுகிறார்கள்’ என்று மணியடித்துவிடுகிறது.

இங்கே இன்னொன்றும் சேர்கிறது. பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஜோக் விழுந்ததும் சிரிப்பொலி கேட்கும். 1950களில் சார்லி டக்லஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் விதவிதமான சிரிப்புகளைப் பதிந்து வைத்த பெட்டியொன்றைச் செய்தார். பொத்தானை அழுத்தினால் சிரிப்பு. அது ஏன் பலித்தது என்பதை ராபர்ட் புரொவைனின் ஆய்வு புரியவைக்கிறது: தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, ஆட்களோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம். பதிவுசெய்த சிரிப்பு நமக்குத் துணை. ‘தி ஆபீஸ்’ அந்தத் துணையைப் பிடுங்கிக்கொண்டது. இது சிரிக்க வேண்டிய இடமா, வருந்த வேண்டிய இடமா என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. படமும் அதே வழியில் போகிறது.

லென்ஸைப் பார்க்கும் கண்

கதைப்படத்தில் நடிகர் செய்யக் கூடாத காரியம் கேமராவை நேராகப் பார்ப்பது. பகடி ஆவணப்படத்தில் அதுவே முதன்மையான வசனம். ஒரு சொல்லும் பேசாமல், கண்ணை மட்டும் லென்ஸ் பக்கம் திருப்பினால் போதும்.

இவ்வளவு சின்ன அசைவு எப்படி இவ்வளவு உரக்கப் பேசுகிறது? முதல் காரணம் உடற்கூறு. 1997இல் கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் பல குரங்கினங்களின் கண்களை மனிதக் கண்ணோடு ஒப்பிட்டார்கள். கருவிழியைச் சுற்றி நிறமற்ற வெண்மை அகலமாக வெளியே தெரிவது மனிதக் கண்ணின் தனித்தன்மை. வெள்ளைப் பின்னணியில் கருவட்டம் என்பதால் யார் எங்கே பார்க்கிறார் என்பது தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் பிறவிப் பழக்கம். பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளே ஆன குழந்தைகள்கூட, வேறு பக்கம் பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்த்தன என்று 2002இல் தெரெசா ஃபரோனியின் குழு காட்டியது.

பிரென்டைச் சுற்றியிருப்பவர்கள் லென்ஸைப் பார்க்கும்போது அந்தப் பார்வை நம்மைச் சாட்சிக்கு இழுக்கிறது. ‘நீங்களும் பார்த்தீர்கள்தானே’ என்கிறது. பிரென்ட் பார்ப்பது வேறு விதம். ஜோக் விழுந்துபோன மறுகணம் அவர் கண் ஓரமாக லென்ஸைத் தொட்டுவிட்டு மீள்கிறது. தோற்றதைவிடத் தோற்றது பதிவாகிவிட்டதா என்பதே அவர் கவலை. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, உடனே அடுத்த ஜோக்குக்குத் தாவுகிறார். இந்தக் கால் விநாடிப் பார்வையில் ஜெர்வைஸ் மூன்று ஆட்களைச் சுமக்கிறார். வெளியே, கேமராவுக்காகப் பிரென்ட் போடும் ‘ஜாலியான கலைஞன்’ வேடம். அதற்குள், பயந்துகொண்டிருக்கும் நிஜப் பிரென்ட். அதற்கும் உள்ளே, இரண்டையும் அளந்து நடத்தும் ஜெர்வைஸ். மோசமாக நடிக்கும் ஒருவராக மிக நன்றாக நடிக்க வேண்டும்; அதுவும் மோசமான நடிப்பின் விரிசல் வழியாக உள்ளே இருப்பவர் தெரியும்படி.

மூளைக்குள் என்ன நடக்கிறது

இப்போது அந்தக் கூச்சத்துக்கே வருவோம். உளவியலாளர் ரோலண்ட் மில்லர் 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்கள் சிலரை மற்றவர்கள் முன்னால் அசட்டுக் காரியங்களைச் செய்ய வைத்தார்: பாட்டுக்கு ஆடுவது, அமெரிக்க தேசிய கீதத்தைத் தனியாகப் பாடுவது, ஜோக் கேட்டதுபோல் சிரிப்பது, அடம்பிடிக்கும் ஐந்து வயதுக் குழந்தைபோல் நடிப்பது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தோலில் மின்மாற்றத்தை அளந்தார். எதுவுமே செய்யாமல் பார்த்தவர்களும் கூச்சப்பட்டது பதிவானது. இதைப் பரிவுக் கூச்சம் எனலாம்: ஒருவரின் நிலைக்காக இன்னொருவர் கூசுவது.

அதையும் தாண்டி ஒரு வியப்பு 2011இல் ஜெர்மனியின் மார்பர்கிலிருந்து வந்தது. சோரன் கிராக், ஃபிரீடர் பவுலஸ் ஆகியோரின் குழு 600க்கும் மேற்பட்டவர்களிடம் சங்கடமான சூழல்களை விவரித்துக் கேட்டது. பிறகு 32 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அத்தகைய சூழல்களின் கோட்டோவியங்களைக் காட்டியது. சில ஓவியங்களில் மாட்டிக்கொண்டவருக்குத் தன் நிலை தெரியும். சிலவற்றில் தெரியாது, பேண்ட் ஜிப் திறந்திருப்பது தெரியாமல் நடப்பவரைப் போல. தெரியாதவருக்காகவும் பார்த்தவர்கள் கூசினார்கள். அவர் முகத்தில் கூச்சமே இல்லாதபோது, அங்கிருந்து எதுவும் ‘தொற்றிக்கொண்டிருக்க’ முடியாது. பார்ப்பவரின் மூளை அவர் நிலையைத் தானே கணக்கிட்டு, அவர் படவேண்டிய கூச்சத்தைத் தானே தயாரித்துவிடுகிறது. அப்போது உயிர்பெற்ற பகுதிகளில் முக்கியமானவை முன்புற இன்சுலா, முன்புறச் சிங்குலேட் புறணி. இன்னொருவர் உடல்வலியில் துடிப்பதைப் பார்க்கும்போது வேலை செய்யும் இடங்கள் இவை.

டேவிட் பிரென்ட் என்ற கதாபாத்திரம் நிற்பது இந்தக் கண்டுபிடிப்பின் நட்ட நடுவில். ஜெர்வைஸும் மெர்ச்சன்டும் அவரை எழுதியது இந்த ஆய்வுக்குப் பத்தாண்டு முன்னால்.

கூச்சத்துக்கு ஒரு வேலை உண்டு என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உளவியலாளர் டேக்கர் கெல்ட்னர் 1995இல் கூச்சத்தின் முகமொழியைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பார்வை தாழ்கிறது, அடக்கிய புன்னகை வருகிறது, தலை திரும்புகிறது, கை முகத்தைத் தொடுகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். பேசாமலே கேட்கும் மன்னிப்பு அது. எளிதில் கூச்சப்படுகிறவர்களை மற்றவர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்று 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். பிரென்ட் இந்த மன்னிப்பைக் கேட்பதே இல்லை. தவறு நடந்திருக்கிறது, அதற்கான வருத்தம் அறையில் யார் முகத்திலும் பதிவாகவில்லை. கணக்கு நேராக வேண்டும் என்று தவிக்கும் நம் உடம்பு அந்த வருத்தத்தைத் தானே செலுத்துகிறது. பார்வை தாழ்வதும் கை முகத்துக்குப் போவதும் நமக்குத்தான்.

தன் பழிக்கு மட்டுமன்றி அடுத்தவர் பழிக்கும் நாணுகிறவர்களைத் திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் உயர்த்திப் பேசுகிறது. வள்ளுவர் பேசுவது அறம் சார்ந்த நாணம். ஆய்வகம் அளந்தது அன்றாடச் சங்கடம். இரண்டுக்கும் ஆழத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு மனிதரின் நிலை இன்னொருவரின் உடம்பில் போய்ப் பதிகிறது என்ற அறிவு இரண்டுக்கும் பொது.

பதினைந்து வருடப் பழக்கம்

எல்லோருக்காகவும் நாம் ஒரே அளவில் கூசுவதில்லை. 2016இல் லாரா மியூலர்-பின்ஸ்லரின் குழு, அந்நியர்களுக்காகக் கூசுவதையும் நண்பர்களுக்காகக் கூசுவதையும் ஒப்பிட்டது. நண்பர் மாட்டிக்கொள்ளும்போது கூச்சம் அதிகம். மூளையின் வேலையும் அதற்கேற்ப மாறியது. அந்நியர் உளறினால் நகர்ந்துவிடலாம். நம் அண்ணன் உளறினால் தரையில் புதைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

திரையில் மட்டுமே பார்த்த ஒருவர் நண்பராக முடியுமா? டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே இதை எழுதினார்கள். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் முகத்தோடு பார்வையாளருக்கு ஒருதலை நட்பு உருவாகிறது. அந்த முகத்துக்கு நம்மைத் தெரியாது என்று அறிந்தும் அது வளர்கிறது என்றார்கள். இந்த ஒருதலை நட்பின் வலிமைக்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம் உண்டு. பிரென்டின் ஜெர்மன் அவதாரம் ‘ஸ்ட்ரோம்பர்க்’. அந்தத் தொடரைத் திரைப்படமாக்க 2011 டிசம்பரில் ரசிகர்களிடம் பணம் கேட்டார்கள். மிகக் குறுகிய காலத்தில் பத்து லட்சம் யூரோ சேர்ந்தது. படம் 2014இல் வெளியானது.

பழைய கதாபாத்திரத்தை மீட்டெடுக்கும் படத்துக்கு இது பெரிய வரம். புதிய கதாபாத்திரம் என்றால் நம்மோடு பழகவே அரை மணி நேரம் வேண்டும். பிரென்ட் வாயைத் திறக்கும் முன்பே, வரப்போவது தெரிந்து நமக்கு உதறுகிறது. படத்தில் அவர் அறிமுகமாகும்போதே அந்தப் பழக்கமான அசட்டுச் சிரிப்பு, மூச்சை இழுத்துவிடும் அந்தக் கெக்கலிப்பு கேட்கிறது. ஒரு விநாடியில் பதினைந்து வருடம் மடிந்துபோகிறது.

மோசமாக இருக்க உழைத்த பாட்டு

இந்தப் படத்தின் இன்னொரு நுட்பம் அதன் பாடல்கள். கேட்கவே முடியாத பாட்டாக இருந்தால் சிரிப்பு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இவை நல்ல பாட்டுகள். மெட்டு நிற்கிறது, தாளம் பிசகவில்லை, வாத்தியக்காரர்கள் தேர்ந்தவர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் ஆண்டி பர்ரோஸ், ‘ரேஸர்லைட்’ என்ற நிஜமான ராக் குழுவில் இருந்தவர். தவறு பாடல் வரிகளில் மட்டும், அதுவும் ஒரே வகைத் தவறு: தான் பரந்த மனம் உடையவன் என்று காட்ட, பாடுகிறவர் அடுத்தவர் வாழ்க்கையில் தெரியாத்தனமாகக் கால் வைத்துவிடுகிறார். ஸ்லவ் ஊரைப் பற்றிக்கூட ஒரு பாட்டு இருக்கிறது, உலகத் தலைநகரங்களுக்குப் பாடுகிற தோரணையில். இசை சரியாக இருப்பதால் தவறு எங்கே என்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

ஜெர்வைஸுக்கு இந்த உலகம் உள்ளிருந்தே தெரியும். 1980களின் தொடக்கத்தில் ‘ஷோனா டான்சிங்’ என்ற இருவர் பாப் குழுவில் அவர் பாடகர். இரண்டு சிங்கிள் தட்டுகள் வந்தன. பிரிட்டனில் இரண்டுமே எடுபடவில்லை; குழு கலைந்தது. ஆனால் அவற்றில் ஒன்றான ‘மோர் டு லூஸ்’ பிலிப்பைன்ஸ் வானொலியில் 1980களின் நடுவில் பெரிய வெற்றி பெற்றது. பாடகனாகும் ஆசை எப்படியிருக்கும், அது கைகூடாமல் போவது எப்படியிருக்கும் என்று அறிந்த ஒருவர்தான் பிரென்டின் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் மேடையில் பிரென்டின் ஆசை ஒரு கணமும் பொய்யாகத் தெரிவதில்லை.

சிரிப்பு பரிவாகும் இடம்

தொடருக்கும் படத்துக்கும் இடையே ஒரே ஒரு கணக்கு மாறியிருக்கிறது. தொடரில் பிரென்ட் மேலாளர். அவர் உளறலுக்கான விலையைக் கீழே இருப்பவர்கள் கொடுத்தார்கள். அவர்களால் எழுந்து போக முடியாது. படத்தில் அவருக்குக் கீழே யாருமில்லை. வாத்தியக்காரர்கள் அவரோடு உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கக்கூடக் காசு கேட்கிறார்கள். ஒவ்வொரு தவறுக்கும் அவரே, தன் சேமிப்பிலிருந்து, விலை கொடுக்கிறார்.

இது சிரிப்பின் வேதியியலையே மாற்றுகிறது. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் ஆகியோர் 2010இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஏதோ ஒரு நெறி மீறப்பட வேண்டும். அதே சமயம் அதனால் பெரிய கெடுதல் இல்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக நிகழும்போது சிரிப்பு வருகிறது. கெடுதல் நிஜமாகத் தெரியத் தொடங்கினால் சிரிப்பு வற்றும். ஜெர்வைஸ் இந்தக் கோட்டின் மேலேயே படத்தை நடத்துகிறார். பயணம் நீள நீள, சேமிப்பு கரைகிறது. அரங்கு நிரம்பவில்லை. சிரிப்பின் கீழிருந்து வலி மேலே வருகிறது.

அந்த நேரத்தில் பகடி ஆவணப்படத்தின் இன்னொரு கருவியை வெளியே எடுக்கிறார்: நேர்காணல். படம் முழுக்க மற்றவர்கள் கேமராவிடம் பிரென்டைப் பற்றிச் சலித்துக்கொள்கிறார்கள். அவர் தன்னைப் பற்றி ஒன்று சொல்ல, அடுத்த வெட்டில் வேறொருவர் அதைப் பொய்யாக்குகிறார். பிறகு அதே நாற்காலிகளில், அதே வெளிச்சத்தில், சொற்கள் மெல்ல மாறுகின்றன. டாம் ஜான்சன் என்ற இளம் ராப் பாடகர் (நடித்தவர் பென் பெய்லி ஸ்மித்) அவருக்காகப் பரிந்து பேசத் தொடங்குகிறார். அலுவலகத்தில் பாலின் என்ற பெண் அவர் நலனில் அக்கறை காட்டுகிறார். கதைப்படமாக இருந்தால் இவர்கள் பிரென்டின் முகத்துக்கு நேராக இதைச் சொல்லியிருக்க வேண்டும். அது செயற்கையாகப் போயிருக்கும். இங்கே கேமராவிடம், பிரென்ட் இல்லாதபோது சொல்கிறார்கள். பொய்யை அம்பலப்படுத்த ஆவணப்படத்திடமிருந்து கடன்வாங்கிய உத்தி, கடைசியில் ஒருவருக்குக் கிடைத்த அன்பை அவருக்கே தெரியாமல் பதிவு செய்கிறது.

இதற்கு நாம் ஏற்கெனவே தயாராக இருக்கிறோம் என்பதே இந்தப் படத்தின் உச்சத் திறமை. ஒன்றரை மணி நேரமாக அவருக்காகக் கூசியிருக்கிறோம். ஒருவருக்காகக் கூசுவது என்றால் அவர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்பது. அவர் கவனிக்காத வலியை அவர் பொருட்டு உணர்வது. அடுத்தவர் வலிக்கு இளகும் மூளைப் பகுதிகளை ஒவ்வொரு அசட்டு ஜோக்கும் ஒருமுறை தட்டி எழுப்பியிருக்கிறது. எனவே பரிவு வரும்போது அது புதிதாக வருவதில்லை. இவ்வளவு நேரம் சிரிப்பென்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததற்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆய்வகம் ஒரு கோட்டோவியத்தைச் சில விநாடி காட்டி அளந்ததை, ஜெர்வைஸ் பதினைந்து வருடப் பழக்கத்தை மூலதனமாக வைத்து, தடுமாறும் ஃபோகஸையும் நான்கு விநாடி மௌனத்தையும் கருவியாகக் கொண்டு, 96 நிமிடத்தில் நடத்திக்காட்டுகிறார். கூச்சத்தை அடக்க வேண்டிய பலவீனமாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். மனிதர் மனிதரை உணரும் திறன்களில் அதுவும் ஒன்று, அதுவும் மிக வேகமானது.